சமையலறைக் கதவுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

தெரியுமா? உங்கள் மாடுலர் கிச்சனில் பளபளவென்று நிற்கிற கதவின் மேல்தோல் பெரும்பாலும் காகிதம்! ஆமாம், காகிதமேதான். ஆசாரிகள் சன்மைக்கா என்று சொல்லும் லேமினேட் தகட்டின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் காகிதம்தான் இருக்கிறது. பழுப்பு நிற கிராஃப்ட் காகிதத்தைப் பல அடுக்காக எடுத்து பீனாலிக் பிசினில் ஊறவைக்கிறார்கள். அதன்மேல் பூவோ மரவரியோ அச்சிட்ட ஒரு தாளை மெலமின் பிசினில் தோய்த்து வைக்கிறார்கள். பிறகு 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிட சுமார் 50 மடங்கு அழுத்தத்தில் வைத்து நெருக்குகிறார்கள். வெளியே வரும்போது அதைக் கிழிக்க முடியாது, நனைக்க முடியாது, கரண்டி உரசினால் சட்டென்று கீறல் விழாது. இத்தனையும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள்!

இன்னும் கேளுங்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் சமையலறையை நினைத்தே பார்க்கவில்லை. 1912ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்த டேனியல் ஓகானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள், மின்கருவிகளில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் மைக்காவுக்கு மாற்று தேடினார்கள். பிசினில் ஊறிய அடுக்குகளை அழுத்திப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே சின்சினாட்டி நகரில் ஃபார்மைக்கா கம்பெனி பிறந்தது. அழகான தாளைச் சேர்த்து அது மேசைக்கும் அலமாரிக்கும் வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தகட்டைக் கதவின் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? கதவு அப்பளம் போல வளைந்துவிடும்! ஒரு பக்கம் ஈரத்தை உள்ளே விடாது, மறுபக்கம் விடும். இழுப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. அதனால்தான் விவரம் தெரிந்த ஆசாரி, யாரும் பார்க்காத உள்பக்கத்திலும் மெல்லிய லேமினேட் ஒட்டச் சொல்கிறார். அது வீண்செலவு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். கதவு நேராக நிற்பதே அந்த உள்பக்கத் தாளால்தான்.

பிரமிடுக்குள் பிளைவுட்!

லேமினேட்டுக்கு அடியில் இருக்கும் பிளைவுட்டுக்கு வருவோம். அது எவ்வளவு பழையது என்று நினைக்கிறீர்கள்? நூறு வருடம்? இருநூறு? எகிப்தில் சக்காரா படிப் பிரமிடுக்குள் கிடைத்த ஒரு சவப்பெட்டியின் மிச்சத்தில் ஆறு அடுக்கு மரம் இருந்தது. ஒவ்வொரு அடுக்கும் சுமார் 4 மில்லிமீட்டர். சைப்ரஸ், பைன், ஜூனிபர் என்று வெவ்வேறு மரங்களை, ஒன்றின் ரேகை நெடுக்கில் போனால் அடுத்ததன் ரேகை குறுக்கில் போகும்படி அடுக்கி, சிறு மர ஆணிகளால் பிணைத்திருந்தார்கள். வயது சுமார் 4,600 ஆண்டு! இன்று நம் கடையில் 8க்கு 4 அடி அளவில் விற்கிற பிளைவுட்டின் சூத்திரமும் இதேதான். ரேகையைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றி அடுக்குவது.

ஏன் அப்படி அடுக்க வேண்டும்? மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிவதில்லை. ஈரம் பட்டால் ரேகையின் நெடுக்கில் அது அசைவதே தெரியாது. குறுக்கில் மட்டும் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அடுக்குகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒரு அடுக்கு விரியப் பார்க்கும்போது அடுத்த அடுக்கு அதைப் பிடித்து நிறுத்துகிறது. பிளைவுட்டை ஓரத்தில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணில்தான் அடுக்குகள் இருக்கும். நடு அடுக்கின் இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் பலகை முறுக்காது.

பிளைவுட்டால் போர் விமானமே செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ விமானம் 1940ல் முதன்முதலாகப் பறந்தது. பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டிய உடல் அது. 7,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஜெர்மனியின் குண்டுகளுக்கு நடுவே பறந்த அந்த விமானத்தைத் தடுமாற வைத்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? இந்தியாவின் மழைக்காலம்! 1944ல் இங்கே நிறுத்தியிருந்த மஸ்கிட்டோக்களின் இறக்கைகளில் ஒட்டு விட்டுப் பிரிந்தது. அவற்றைப் பறக்கவிடாமல் தரையில் வைத்து ஆராய வேண்டியதாயிற்று. செய்நேர்த்திக் குறையும் இருந்தது, நம் ஊர் ஈரமும் இருந்தது. இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவுக்கும் இதே பரீட்சைதான் வருடா வருடம் நடக்கிறது. அங்கே தோற்பதும் பெரும்பாலும் மரம் இல்லை, பசைதான்.

அந்தப் பசையைச் சோதிக்க ஒரு கொடுமையான பரீட்சை இருக்கிறது. மரைன் பிளைவுட்டுக்கான இந்திய தர எண் 710. அந்த முத்திரை பெற வேண்டுமானால் பலகைத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் வேகவைக்க வேண்டும்! மூன்று பகல், மூன்று இரவு! அதற்குப் பிறகும் அடுக்கு பிரியக் கூடாது. இதைத் தாங்குவது பீனால் ஃபார்மால்டிஹைடு பசை. 1907ல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டின் உறவுக்காரப் பசை இது. பழைய கருப்பு டெலிபோன், பழைய ஸ்விட்ச் எல்லாம் பேக்லைட்தானே, அதே குடும்பம். கடைக்காரர் வாட்டர்புரூஃப் என்று சொன்னால் தலையாட்டி விடாதீர்கள். கமர்ஷியல் பிளை என்று விற்கும் எம்ஆர் வகை காற்றிலுள்ள ஈரத்தைத்தான் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. பலகையில் அச்சிட்ட ஐஎஸ்ஐ முத்திரையையும் 710 என்ற எண்ணையும் உரிம எண்ணையும் கண்ணால் பாருங்கள். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

தூளையும் நாரையும் பிடித்து வைத்த கதை

பார்ட்டிகிள் போர்டு என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் அது பிறந்தது 1930களின் ஜெர்மனியில், மரத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்! மரம் அறுத்தால் மிஞ்சுகிற தூளும் சிராயும் அடுப்புக்குப் போவதைப் பார்த்த மாக்ஸ் ஹிம்மல்ஹேபர் என்ற பொறியாளர், அதைப் பசையில் கலந்து அழுத்திப் பலகையாக்கினார். காய்ந்த அறைக்கு அது நல்ல பலகைதான். சமையலறைக் கதவுக்கு நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன். ஒருமுறை ஓரம் ஊறிவிட்டால் தூள் பருத்து உப்பிக்கொள்ளும், மறுபடி அது இறங்கவே இறங்காது. ஸ்க்ரூ பிடியும் விட்டுப்போகும்.

எம்டிஎஃப்புக்கு முன்னோடியான ஹார்டுபோர்டின் கதை இன்னும் சுவை. எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் மேசன், 1924ல் அமெரிக்காவின் லாரல் நகரில் மரச் சிராய்களை நீராவி அழுத்தத்தில் அடைத்து, திடீரென்று திறந்துவிட்டு நாராக வெடிக்கவைத்தார். நாரை அச்சில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்து பார்த்தால், கசிந்த நீராவி அச்சைச் சூடாகவே வைத்திருந்ததாம், உள்ளே கல் மாதிரிப் பலகை! மரத்தில் இயற்கையாகவே இருக்கும் லிக்னின் உருகி நாரைப் பிணைத்துவிட்டது என்பதுதான் விஷயம்.

எம்டிஎஃப் 1960களில் வந்தது. அதில் ரேகையே கிடையாது, கணு கிடையாது. எந்தத் திசையில் செதுக்கினாலும் ஓரம் பிசிறாது. பூவேலை, கோடுவேலை செய்து பியூ பெயிண்ட் அடித்த வழவழப்பான கதவுகள் பலவும் எம்டிஎஃப் ஆக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் எடை? கன மீட்டருக்கு 750 கிலோ வரை போகும். இரண்டரை அடிக்கு இரண்டு அடி, 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கதவு செய்தால் ஆறு கிலோவுக்கு மேல்! அந்த ஆறு கிலோவையும் இரண்டு கீல்கள்தான் தாங்குகின்றன. கீலுக்காகக் கதவின் உள்பக்கம் தோண்டும் வட்டக் குழி 35 மில்லிமீட்டர் அகலம். தண்ணீர் நுழைய அதுவும் ஒரு வாசல். குழியைத் தோண்டியதும் சீலர் பூசிவிட்டுத்தான் கீலை வைக்கச் சொல்லுங்கள். பூசும் வேலை கொஞ்ச நேரம்தான், கதவு வாழ்வது வருடக்கணக்கில்.

இப்போது கடைகளில் எச்டிஎச்எம்ஆர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். எம்டிஎஃப்பை இன்னும் நெருக்கி, ஈரம் தாங்கும் பிசின் சேர்த்த பலகை அது. சாதா எம்டிஎஃப்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது தண்ணீருக்குள் குடியிருக்கப் பிறந்ததில்லை.

இந்தப் பலகைகளில் போகிற மரம் ஒன்றின் பயணமும் கேட்க வேண்டியது. 1876ல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அங்கேதான் தொடக்கம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வற்றிய ரப்பர் மரத்தை முப்பது வயது வாக்கில் வெட்டுவார்கள். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டு துளைத்துவிடும். போரான் உப்பில் ஊறவைத்துக் காயவைக்கும் முறை வந்த பிறகு அதே மரம் பலகையானது, பிளைவுட்டானது. கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கு அதுதான் முக்கியமான மரம்.

உப்பிலிருந்து கதவு!

கலப்பில்லாத பிவிசியின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். அந்த குளோரின் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டு உப்பிலிருந்து! உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். நாட்டில் உப்பு விளைவதில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் உப்பிலிருந்து தொடங்கி பிவிசி வரை ஒரே வளாகத்தில் செய்கிறார்கள். வெயிலில் காய்ந்த உப்பளம் ஒரு நாள் உங்கள் வீட்டுச் சிங்க்கின் கீழ்க் கதவாக வந்து நிற்கிறது, யோசித்துப் பாருங்கள்!

பிவிசிக்குக் கரையான் பயமில்லை, தண்ணீர் பயமில்லை. வேறொரு பயம் இருக்கிறது. சுமார் 80 டிகிரியில் அது இளகத் தொடங்கிவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மெல்ல மெல்ல வளையும். எம்டிஎஃப் மேல் பிவிசி தாளைச் சூடாக்கி இழுத்து ஒட்டும் மெம்பிரேன் கதவுக்கும் இதே பலவீனம்தான். அடுப்பை ஒட்டிய கதவில் முதலில் மூலையில் ஒரு சின்னக் குமிழி வரும், அப்புறம் தாள் உரிய ஆரம்பிக்கும். ஈரமான இடத்துக்கு பிவிசி, சூடான இடத்துக்கு வேறு. இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

அலுமினியம் கபோர்டு வைத்திருக்கிறீர்களா? 1884ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் மகுடமாக வைக்கத் தேர்ந்தெடுத்த உலோகம் அது! சுமார் 2.8 கிலோ அலுமினியக் கூம்பு. அவ்வளவு அரிதாக இருந்தது அன்று. இரண்டே வருடத்தில் கதை மாறியது. 1886ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ என்ற இருவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863ல். இருவரும் இறந்ததும் 1914ல்! நம் ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டும் ஒரு காலத்தில் மேட்டூர் ஆலையில் அலுமினியமாக மாறியது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலே தானாகப் படியும் ஆக்சைடு படலம். சோடா உப்பு, காரமான கிளீனர் போட்டுத் தேய்த்தால் அந்தப் படலமே கரைந்து கதவு மங்கிப்போகும். சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். ஏசிபி ஷீட்டு மட்டும் வேறு விஷயம். மேலும் கீழும் மெல்லிய அலுமினியம், நடுவே பல வகைகளில் பாலிஎத்திலின் பிளாஸ்டிக். 2017ல் லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பில் தீ வெளிச்சுவரில் ஏறி 72 உயிர்களைக் குடித்ததற்கு இந்த மாதிரிப் பலகையே முக்கியக் காரணம். அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் தயவுசெய்து வைக்காதீர்கள்.

எவர்சில்வர் கதவு இன்னொரு அற்புதம். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி தேய்மானம் குறைந்த துப்பாக்கிக் குழலுக்காக எஃகில் குரோமியம் கலந்து பார்த்தபோது துருவேறாத எஃகு கிடைத்தது. கீறல் விழுந்தால் என்ன ஆகும்? அங்குள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, சில நானோமீட்டர் தடிமனில் புதுப் படலம் போட்டுக்கொள்கிறது. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் கதவு! காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அந்தப் படலத்தையே துளைக்கும். அங்கே 304க்குக் கீழே இறங்கவே கூடாது.

கண்ணுக்குள் இருக்கும் கதவு

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கண்ணாடி மாதிரி மின்னும் அக்ரிலிக் கதவு இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான் கண்புரை அறுவைசிகிச்சை செய்துகொண்ட லட்சக்கணக்கானவர்களின் கண்ணுக்குள்ளும் இருக்கிறது! இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேலிருந்த கூடு அக்ரிலிக்கால் ஆனது. குண்டு பட்டு அது நொறுங்கும்போது சில்லுகள் விமானிகளின் கண்ணில் குத்தின. லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி ஒன்றைக் கவனித்தார். அந்தச் சில்லு உள்ளேயே தங்கியிருந்தாலும் கண் அதை எதிர்க்கவில்லை, புண்ணாகவில்லை! அப்படியானால் இதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்தே காட்டினார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் இந்த லென்ஸைக் குறைந்த விலையில் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. ஏழைக்கும் பார்வை கிடைத்தது.

கண்ணுக்குள் வைக்கும் பொருளின் உறவு என்றால் அதைத் துடைப்பதிலும் கொஞ்சம் மென்மை வேண்டாமா? தின்னர், ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த கிளீனர் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் விழும். இரும்புநார் தேய்ப்பானைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

நிஜக் கண்ணாடிக் கதவா? 1665ல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் கண்ணாடி செய்யத் தொடங்கிவைத்த நிறுவனம்தான் செயின்ட் கோபைன். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகள் அவர்கள் செய்தவை. அதே நிறுவனம் 2000ல் இருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கிறது! உருகிய கண்ணாடியை உருகிய ஈயக் குளத்தில் மிதக்கவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது ஈயம் இல்லை, உருகிய வெள்ளீயம். அந்த மட்டமான பரப்பில் மிதந்து பரவுவதால்தான் தேய்க்காமலேயே கண்ணாடி அவ்வளவு சமமாக வருகிறது. கதவுக்கு டஃபன்டு கண்ணாடிதான் வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விப்பதால் அது நான்கு மடங்கு வலுவாகிறது, உடைந்தாலும் மொக்கையான சிறு துண்டுகளாகத்தான் உதிர்கிறது. ஒரே நிபந்தனை: பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவையும் கீல் துளையையும் முதலிலேயே சரியாகக் கொடுங்கள்.

தேக்குக்கு இருநூறு வயது ஒன்றுமில்லை

1817ல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டி நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? திருகோணமலை! எச்எம்எஸ் டிரிங்கோமலி. இருநூறு வருடம் தாண்டியும் நீரில் நிற்கிற மரத்துக்கு உங்கள் வீட்டுத் தாளிப்புப் புகை எம்மாத்திரம்? கரையான் வெறுக்கும் ரசாயனங்களும் எண்ணெயும் தேக்கின் வைரப் பகுதியிலேயே ஊறியிருக்கின்றன. வெளிர் நிற ஓரப் பகுதியில் அவை இல்லை. தேக்கு என்று சொல்லி அந்த வெளிர்ப் பகுதியைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

பழைய சட்டம் போட்ட மரக்கதவின் நடுப்பலகையைச் சுற்றிலும் தள்ளிப் பாருங்கள், இலேசாக ஆடும். கோளாறு என்று நினைத்துப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்! நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் சும்மா செருகிவைப்பதுதான் அந்தக் காலத்து ஆசாரியின் மேதைமை. மழைக்காலத்தில் பலகை விரிய இடம், கோடையில் சுருங்க இடம். ஒட்டினால் பலகை நடுவில் வெடிக்கும். எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மரத்தின் குணத்தை அறிந்து இடம் பார்த்து வைத்ததில் இன்னொரு பெரிய மனுஷி உண்டு. 1926ல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்றைய மாடுலர் கிச்சனின் தாய் அதுதான். மாவுப் பெட்டிகளை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார், அதிலுள்ள டானின் புழுவை அண்டவிடாது என்பதற்காக. நறுக்கும் பலகைக்குக் கறைபடாத பீச் மரம். கதவுகளுக்கு நீல வண்ணம், ஈ அந்த நிறத்தில் உட்காராது என்று அன்று நம்பியதால்! ஒரே சமையலறைக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு பொருள். நூறு ஆண்டுக்கு முன்பே அவர் செய்த இந்தக் காரியத்தை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம். கேட்லாகில் ஒரு படத்தைப் பார்க்கிறோம், மொத்தச் சமையலறைக்கும் அதையே அடிக்கிறோம்.

வெள்ளைக் கதவில் மஞ்சள் கறை பட்டுவிட்டதே என்று வருந்துகிறீர்களா? மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சோப்பு போட்டால் சில சமயம் சிவப்பாகக்கூட மாறும். ஆனால் சூரிய ஒளி பட்டால் அந்த நிறமே சிதைந்து மங்கிவிடும்! நம் பாட்டிகள் மஞ்சள் பட்ட துணியை வெயிலில் போட்டதன் ரகசியம் இதுதான். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வெள்ளைக் கதவு வைக்கலாம். இருட்டு மூலையில் வேண்டாம்.

புதுக் கிச்சனில் கண் எரிகிறதா? அது பெரும்பாலும் பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. 2004ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்தது. பலகை வாங்கும்போதே ஈ1 அல்லது ஈ0 தரமா என்று கேளுங்கள். எல்லா விளிம்பையும் மூடி ஒட்டச் சொல்லுங்கள். சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும் என்பதால், முதல் சில வாரம் ஜன்னலையும் கதவுகளையும் திறந்தே வையுங்கள்.

சிலிண்டர் வைக்கும் கதவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். அந்தக் கதவு எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். அழகு கெடும் என்று ஆசாரியே சொன்னாலும் கேட்காதீர்கள்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். சிங்க்கின் கீழே எவர்சில்வர் அல்லது பிவிசி. மரம்தான் வேண்டுமென்றால் 710 முத்திரை பிளைவுட். அடுப்பைச் சுற்றி இருபக்கமும் லேமினேட் ஒட்டிய அதே பிளைவுட். ஆளுயரக் கதவுக்கு, நடுவில் மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிச் செய்யும் பிளாக்போர்டு பிளைவுட்டைவிட நேராக நிற்கும். புகை எட்டாத மேல் அலமாரிக்கு அக்ரிலிக்கோ கண்ணாடியோ உங்கள் ஆசைப்படி. குக்கர் விசில் அடிக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள கதவின் கீழ் விளிம்பை மட்டும் இரண்டு முறை பாருங்கள். நீராவி முதலில் அறைவது அங்கேதான்.

கதவுகள் அழகைக் காட்டுவது முகத்தில், கெடுவது விளிம்பில். அதனால் ஷோரூமில் நின்று நிறத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். எந்தப் பலகையில் கதவு செய்யப் போகிறார்களோ அதில் கையகலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்க விளிம்பை மூடாமல் வெட்டிய துண்டாக இருக்கட்டும். வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டுவிட்டு, எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்பவில்லை என்றால் ஆர்டர் கொடுங்கள். துண்டு தர மறுக்கும் கடையில் கதவு வாங்காதீர்கள்.